பைலட்டின் தங்கச்சி

கொன்ஸ்ரன்ஸுக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் யாரிடம் விசாரித்தாலும், "ஐயோ, அந்த வலிப்புக்காரியா?" என்றுதான் கேட்பார்கள். சனத்தின் வாய் இருக்கிறதே!

வலிப்பு அவளுடைய அண்ணன் றேமண்டுக்கு. சின்ன வயதில் அவன் விழுந்து துடிக்கும்போதெல்லாம் அம்மா கதவைச் சாத்திவிட்டு, இரும்பு பிடித்தால் அடங்கும் என்று வீட்டுச் சாவிகள் தொங்கும் திறப்புக் கோர்வையை அவன் கையில் திணிப்பாள். "வெளியில மூச்சு விட்டியோ, தோலை உரிச்சுப் போடுவன்" என்று கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு அதட்டல். பிறகு அந்த வலிப்பு வருத்தம் மாறிவிட்டது போலிருந்தது. றேமண்ட் படித்தான், கப்பலில் போனான், றோஸியைக் கட்டினான், கடைசியில் கொழும்புத் துறைமுகத்தில் பைலட் ஆனான். ஆகாயத்தில் பறக்கிற பைலட் இல்லை. வெளியே கடலில் வந்து நிற்கும் கப்பலில் கயிற்றேணி பிடித்து ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து கட்டவைக்கிற பைலட். துறைமுக வாசலில் ஒவ்வொரு தமிழனையும் ஏற இறங்கப் பார்த்த சண்டைக் காலத்தில், ஒரு தமிழன் அந்த வேலையில் இருந்தது சின்ன விஷயமா?

நாற்பது தாண்டியதும் பழையது திரும்பி வந்தது. இந்த முறை விழுத்தவில்லை. தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சோற்றுக் கையோடு, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்க, கூப்பிட்டாலும் கேளாமல் மரம் மாதிரி இருந்தான். தெளிந்ததும் முதல் பேச்சு, "றோஸிக்குச் சொல்லிப்போடாதை."

"அண்ணா, துறைமுகத்துப் போர்ட் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. கப்பல்ல வச்சு வந்தா என்ன செய்யிறது?"

"உனக்கென்ன விசரா? வேலை போகும். அதை விடு, வீட்டில ரெண்டு குமர் இருக்கு. வலிப்புக்காரன்ர பிள்ளையை ஆர் கட்டுவான்?"

சம்பந்தம் பேச வருகிறவர்கள் துருவித் துருவி விசாரிப்பார்களே என்று பயந்துதானே அம்மா கொன்ஸ்ரன்ஸைக் கட்டிக்கொடுக்காமலே விட்டாள். மகனுக்குக் கட்டிவைக்க மட்டும் அந்தப் பயம் வரவில்லை.

றேமண்டின் பெயரில் மருந்து எடுக்க முடியாது. ஆகவே கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தையில் முகந்தெரியாத ஒரு டொக்டரிடம் போய், வலிப்பு தனக்குத்தான் என்று சொல்லி, மாதாமாதம் குளிசை வாங்கிக் கொடுத்தாள். குளிசை தின்றும் இன்னொரு தடவை வந்தது. அவளுக்கு நெஞ்சு கேட்கவில்லை. சொன்னால் அண்ணன் குடும்பம் நடுத்தெருவில். சொல்லாவிட்டால் எவன் தலையில் விடியுமோ!

அப்போதுதான் அவளுக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பேர்னாட் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் றேமண்டைக் கூப்பிட்டு ஏசுவார், போர்ட் டொக்டரின் காதிலும் போட்டுவைப்பார் என்று நினைப்பு.

"பாவசங்கீர்த்தனத்தில கேட்டதை நான் ஒருத்தரிட்டயும் கதைக்க ஏலாது மகள். உங்கட அண்ணனிட்டயும் ஏலாது. நீங்கதான் போய்ச் சொல்ல வேணும்" என்றார் ஃபாதர்.

"ஓம் ஃபாதர்" என்று எழும்பி வந்து செபமாலை சொன்னாள். மனம் லேசாகிவிட்டது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாயிற்றாம்! இதைவிடக் கேவலமான நிம்மதி உண்டா?

மழைக் காலத்தில் ஒரு மத்தியானம், றேமண்ட் ஏறிய கப்பல் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல், இழுவைப் படகை நசுக்கிக்கொண்டு அலைதடுப்புக் கல்லில் போய் மோதியது. படகில் நின்ற அழகர் என்ற தொழிலாளி செத்துப்போனான். பைலட் நின்றது நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான், தாங்கள் கத்திக் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை என்று கப்பல்காரர் சொன்னார்கள். தமிழன், வேண்டுமென்றே மோதவிட்டான் என்று றேமண்டைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

கொன்ஸ்ரன்ஸ் விழுந்தடித்து ஓடி, அண்ணனுக்கு வலிப்பு என்று விசாரணை அதிகாரியிடம் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினாள். அவர் சிரித்தார். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கச்சிதான் வலிப்புக்கு மருந்து எடுக்கிறாள் என்று றேமண்டே சொல்லிவிட்டானாம். வெள்ளவத்தை டொக்டரும் அதையே சொன்னாராம்.

அட பாவி! புலி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, வலிப்புக்காரன் என்று வாங்கக்கூடாது. பெண்களைக் கரைசேர்க்க வேண்டுமே!

இனி மிச்சம் பேர்னாட் ஃபாதர்தான். "ஃபாதர், உங்களுக்கு முன்னமே தெரியும். நான்தானே சொன்னனான். நானே கேக்கிறன், வந்து சொல்லுங்கோ."

"நீங்களே கேட்டாலும் ஏலாது மகள்."

அவர் கண் கலங்கிற்று. கலங்கி என்ன பிரயோசனம்? அன்றைக்கே அவள் போர்ட் டொக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அழகர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். அது அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் முழங்காலில் நிற்க, கொன்ஸ்ரன்ஸ் எழும்பி நின்று கத்தினாள்: "எங்கட அண்ணனுக்குத்தான் வலிப்பு! நான்தான் மறைச்சனான்! அழகரைக் கொன்றது நான்!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் தன் பெண்கள் இருவரோடும் இருந்த றோஸி எழும்பி வந்தாள். கடைசியில் ஒருத்தியாவது நம்பினாளே என்று கொன்ஸ்ரன்ஸ் இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாவம், மச்சாளுக்கு வருத்தம் வந்திட்டுது. ஆராவது பிடியுங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் றோஸி. கைப்பைக்குள் இருந்த வீட்டுத் திறப்புக் கோர்வையை எடுத்து, கொன்ஸ்ரன்ஸின் கையில் திணித்து, விரல்களை மடக்கி, எலும்பு நோக இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில் கொன்ஸ்ரன்ஸுக்கு விளங்கிவிட்டது, றோஸிக்கு எல்லாம் எப்போதோ தெரியும் என்று.