ஆதிகேசவன் படகின் பெயர்

வினோதினி எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்கிறாள். ஏரியில் எந்த இடத்தில் எந்தப் படகு வலை போடுவது என்று ஊர் கூடிக் குலுக்கல் போட்டு முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அதை எல்லோரும் போனில் பார்க்கட்டும் என்று அவள் ஒரு வெப் பேஜ் செய்து கொடுத்தாள். முதலில் படகின் பெயர், அடுத்த கட்டத்தில் இடம். செய்து கொடு என்று யாரும் கேட்கவில்லை. நல்லது செய்கிறவர்கள் எங்கே கேட்டுச் செய்கிறார்கள்?

வினை அவளுடைய நைனா ஆதிகேசவனின் படகில் இருந்தது. அதன் பெயர் 'கங்கையம்மன்துணைகாந்தாவினோதினி'. சாமி, பெண்டாட்டி, மகள் மூவரையும் ஒட்டியே எழுதியிருந்தார். நடுவில் இடம் விட்டால் குடும்பம் பிரிந்துவிடுமாம். இடம் விடாத சொல்லைப் போன் தானாக மடிக்காது. அவருடைய சின்ன போனில் பெயர் கட்டத்தைத் தாண்டி ஓடி, இடத்தின் மேல் ஏறி நின்றது. அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது கீழ் வரி. அது முத்துராஜ் என்பவரின் படகுக்கு விழுந்த இடம். அங்கேயே போய் வலையைப் போட்டார்.

அடுத்தவர் பாடு உள்ள இடத்தில் வலை போட்டால் இறால் சீசனில் முறை கிடையாது. இது ஊர்க் கட்டுப்பாடு. ஆதிகேசவன் மகளோடு பேசுவதை நிறுத்தினார். அவள் அழுதாள்.

அழுதுகொண்டே, நீளமான சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டு என்று பேஜுக்கு உத்தரவு எழுதினாள். இப்போது இடம் தெரிந்தது. பெயர்தான் 'காந்' வரை ஒரு வரியில் நின்று, மிச்சம் அடுத்த வரிக்குப் போனது. அம்மா காந்தா நைனாவின் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாடி, என்னை ரெண்டா வெட்டி வச்சிக்கிறே?"

வினோதினி அதையும் மாற்றினாள். 'துணை'க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்தாள். இடம் போதாவிட்டால் அந்தக் குறியில் மட்டும்தான் சொல் மடியும். சாமி மேல் வரியில், அம்மாவும் மகளும் கீழ் வரியில்.

அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனாள். தப்பு தன்னுடையது, நைனாவின் முறையைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். தலைவர் லோகநாதன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தப்பு பேஜில் என்றால் பேஜை எடுத்துவிடலாம், முறையும் உண்டு. பேஜ் இருக்கட்டும் என்றால் தப்பு ஆதிகேசவன் மேல்தான், முறை கிடையாது என்றார். வினோதினி பேஜை அழிக்கப் போனைத் திறந்தாள்.

ஆதிகேசவன் எழுந்தார்.

"எம்பாடு போனா போவுது. எம்பொண்ணு செஞ்சது இருக்கட்டும்."

இறால் சீசன் முழுக்க அவர் முத்துராஜின் படகில் கூலிக்குப் போனார். கிளம்பும் முன் தினமும் போனைத் திறந்து, இடம் எதுவும் எழுதாத தன் வரியை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.