இறகு தொட்ட இடம்

டாக்டரம்மா இறந்த செய்தி இன்று காலை தர்மபுரியிலிருந்து வந்த, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்தது. எங்கள் புளி மண்டி வாசலில் மூட்டை ஏற்ற நின்ற கண்டக்டர்தான் சொன்னார். "நம்ம கிரேஸ் டாக்டரம்மா போயிட்டாங்கண்ணா. சித்தேரி மலைக்குக் காய்ச்சல் பாக்கப் போனாங்க. அந்தக் காய்ச்சலே அவங்களையும் கொண்டுட்டுப் போயிருச்சு." பெரியப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "யாரு, குஷ்டக்காரனத் தொட்டுட்டு அதே கையில காப்பி குடிப்பாளே, அவளா?" சாயங்காலம் பள்ளிக்கூடத்து ஆள் வந்து, நாளை அனுதாபக் கூட்டத்துக்குப் பெரியப்பாதான் தலைமை என்றதும், "மகராசிங்க! நமக்கெல்லாம் தாய் மாதிரி" என்றார். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

டாக்டரம்மாவைத் தெரிந்தவர்களே, நாளை என்னைப் பேச விடமாட்டார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த அறையில் பெரியப்பா இருமும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் சொன்னார்: "இவளுக்குக் குஷ்டம் இல்லைன்னு சொன்னவளே போயிட்டா. கூட்டம் முடிஞ்சதும் வைத்தியர வரச் சொல்லியிருக்கேன். மறுபடி குத்திப் பாக்கட்டும். அதேதான்னா, வண்டியக் கட்டி குஷ்டரோகிங்க விடுதியில விட்டுருவோம். எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கற வூடு இது." அப்பா இல்லாத எங்களுக்கு அவர் பேச்சுதான் தீர்ப்பு. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை இருக்கிறது. முதலில் ஊதா நிறத்தில் ஒரு திட்டாக வந்தது. பிறகு நடுவில் வெளுத்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கி, கணுக்கால் வரை இறங்கி இறுகியது. கிள்ளினால் தோல் கைக்கு வராது. அதைப் பார்த்தவுடன் பெரியப்பா சாக்குத் தைக்கும் கோணி ஊசியை எடுத்துக் குத்தினார். உயிர் போயிற்று. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. காது குத்தியபோது மாமன் மடியில் முனகாமல் உட்கார்ந்திருந்தேன் என்று வீடு முழுக்கப் பெருமை பேசியவர் இந்தப் பெரியப்பாதான். பெண்பிள்ளையின் சத்தம் வாசல் தாண்டக் கூடாது என்று வளர்த்தவர்கள் இவர்கள்தான். அன்று மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாருங்க, குத்துனது கூடத் தெரியல. குஷ்டமேதான்" என்றார். பக்கத்தில் நின்ற ஊர் வைத்தியரும் தலையாட்டினார். மறுநாள் என் தட்டும் டம்ளரும் மாட்டுக்கொட்டகைக்குப் போயின.

அதியமான்கோட்டை கோயிலுக்கு வேண்டுதல் என்று பொய் சொல்லி, அம்மா என்னைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் கால்மாட்டில் தரையிலேயே உட்கார்ந்தார். "முடி உதிர்ந்திருக்கு, வேர்வையும் இல்ல. குஷ்டத்துலயும் இப்படி ஆகும். அதனாலதான் ஏமாந்துடறாங்க" என்றார். பிறகு ஒரு துண்டால் என் கண்ணைக் கட்டினார். "கண்ணு, நீ வாய் தொறக்காத சாதின்னு அம்மா சொன்னாங்க. தொறக்க வேண்டாம். நான் தொடற இடத்த விரலால காட்டு." ஏதோ மெல்லியதாக வருடியது. காட்டினேன். பட்டையின் நடுவில் வருடியது. அதையும் காட்டினேன். கட்டை அவிழ்த்தபோது அவர் கையில் ஒரு சேவல் இறகு இருந்தது. "ஆஸ்பத்திரிச் சேவலோட தர்மம்" என்று சிரித்தார். காது மடலிலும் பட்டையிலும் லேசாகக் கீறி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிருமி இல்லை. பட்டையில் உணர்ச்சியும் இருக்கிறது. "இது தோல் இறுகற வியாதிம்மா. குழந்தைங்களுக்கு வரும். ஒட்டாது." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மாவின் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன்.

இதற்கு மருந்து உண்டு என்று அவர் ஆசை காட்டவில்லை. "மருந்து இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். சில வருஷத்துல தானே இளகலாம். கால் கொஞ்சம் மெலிஞ்சே நிக்கலாம். ஆனா முட்டி இறுகி மடங்காமப் போக விடக்கூடாது. எண்ணெய் தேய்ச்சு மடக்கு, நீட்டு. வலிச்சா என்னைத் திட்டு, சத்தமாத் திட்டு." வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து மடக்கி நீட்டியபோது நான் முதலில் முனகினேன். பிறகு நிஜமாகவே திட்டினேன். "இன்னும் நல்லாத் திட்டத் தெரியாதா?" என்பார்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்கே வந்து இரண்டு காலையும் நாடாவால் அளந்து பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கறது தோலுதாங்க, புள்ள இல்ல" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அவர் தெருவில் இறங்குவதற்குள் பெரியம்மா அவர் உட்கார்ந்த பெஞ்சில் சாணித் தண்ணீரைக் கொட்டினாள். சத்தம் கேட்டுத் திரும்பினார். "பெஞ்சு சுத்தமானா நல்லதுங்க. புள்ளயக் குத்துன அந்தக் கோணி ஊசிய வெந்நீர்ல போட்டீங்களா?" என்றார். அந்த ஊசி சாக்கு அழுக்கோடு என் காலில் இறங்கி, சீழ் வைத்து, டாக்டரம்மாதான் கட்டுப் போட்டு ஆற்றியிருந்தார். நோயைத் தொட்டுக் கழுவிய கை இவர்களுக்குத் தீட்டு. ஊசி மட்டும் சுத்தம். நாளை இந்த வீட்டிலிருந்துதான் அவர் படத்துக்கு ரோஜா மாலை போகிறது. வாங்கி வைத்துத் தண்ணீர்கூடத் தெளித்தாகிவிட்டது. அந்த வாசனை இந்த அறை வரை வருகிறது, சகிக்கவில்லை.

இப்போது பட்டையின் ஓரத்தில் ஊதா நிறம் இல்லை. முட்டி முழுதாக மடங்குகிறது. அவரைப் பற்றி நாளை எத்தனை பேர் பேசினாலும் இதைச் சொல்லப்போவதில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

அந்தச் சேவல் இறகை அன்றே கேட்டு வாங்கிவந்தேன். வைத்தியரிடம் அதை நீட்டி, "என் கண்ணைக் கட்டிட்டு இதால தொடுங்க" என்று கேட்கப்போகிறேன். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை. ஊசியைத்தான் எடுப்பார்கள். டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இன்னொன்றும் உண்டு. ஊசி தோலில் பட்டதும் கத்துவேன். வாசலைத் தாண்டி, மண்டியைத் தாண்டி, கூட்டம் முடிந்து கலைகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும்படி, வலிக்கிறது என்று கத்துவேன்.