வாங்காதீங்க என்று சொல்லி டிங்கி விற்றவள்

என் மருமகளுக்கு மூக்கு கிடையாது. முகத்தில் இருக்கிறது, லட்சணமாகத்தான் இருக்கிறது, வேலை செய்யாது. ஒன்பது வருஷமாக ரப்பர் படகுக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, கிழிந்து வரும் படகுகளுக்குப் பசை தடவி ஒட்டுப் போடுகிறாள். அந்த நெடி மூக்கைத் தின்றுவிட்டது. அடுப்பில் பால் தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டுகிறாள், இவள் அடுப்புக்கு முன்னாலேயே நின்றுகொண்டு யார் வந்திருப்பது என்று என்னைக் கேட்கிறாள். சாயங்காலமானால் தலைவலி வேறு. நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டுதான் சமைப்பாள்.

அதனால், கடையின் முன்மேசையில் இருந்த விற்பனைக்காரர் வேலையை விட்டுப் போனதும், முதலாளியிடம் போய் நின்றாள். அந்த மேசைக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல், கடல்காற்று வரும். முதலாளி தாடையைச் சொறிந்துவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பார் என்றார். அதற்குள் கடையில் நிற்கும் பெரிய டிங்கியை விற்றால் மேசை அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி பசை.

டிங்கி என்றால் காற்றடைத்த ரப்பர் படகு. வசதியானவர்கள் வைத்திருக்கும் மோட்டார் யாட், அதாவது உல்லாசப் படகு, வீடு மாதிரி பெரியது. கரையோரம் ஆழமில்லாத இடத்துக்கு அது வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு வந்து போகத்தான் டிங்கி. வேலை முடிந்ததும் யாட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன கிரேன் அதைத் தூக்கிப் பின்பலகைமேல் வைத்துக்கொள்ளும். கடையில் நின்ற பெரிய டிங்கிக்கு ஸ்டியரிங் உண்டு, மெத்தை வைத்த சீட் உண்டு, வெள்ளைவெளேரென்று இருக்கும். இரண்டு வருஷமாக யாரும் வாங்கவில்லை. எனக்கு அது பிடிக்கும். மருமகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனால் அதில்தான் உட்காருவேன்.

மூன்றாம் நாள் ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்தார். புதிதாக யாட் வாங்கியிருக்கிறார். வந்ததும் வராததுமாகப் பெரிய டிங்கியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் எழுந்து இடம் விட்டேன். அவர் முகத்தில் இருந்த குஷியைப் பார்த்தால் பில் போடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. நான் மருமகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் போய் சாக்பீஸை எடுத்தாள்.

யாட்டின் பின்பலகை எவ்வளவு அகலம் என்று கேட்டாள். டாக்டர் போனைப் பார்த்துச் சொன்னார். அந்த அளவுக்குத் தரையில் கோடு போட்டு, டிங்கியை அதன் தள்ளுவண்டியோடு உருட்டிக் கோட்டின்மேல் நீளவாக்கில் நிறுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு சாண்தானே, என்ன இப்போது என்றார் டாக்டர்.

"சார், ஒரு பல்லு வரிசைய விட்டு இப்படி வெளிய நீட்டிட்டு இருந்தா நீங்க சும்மா விடுவீங்களா? துறையில யாட்டக் கட்டும்போது முதல்ல இடிபடறது இதுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து முதலாளி இருமினார். வெந்நீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டுவிட்டு, இவள் அடுத்த கேள்விக்குப் போனாள். கிரேன் எத்தனை கிலோ தூக்கும்? முந்நூறு என்றார் டாக்டர். டிங்கி வெறும் இருநூற்றுப் பத்துதான், அட்டையிலேயே போட்டிருக்கிறதே என்று விரலை வைத்துக் காட்டினார்.

அட்டையில் போட்டிருப்பது வெறும் படகின் எடை. யாட் வாங்குகிறவர்கள் பாதிப்பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மருமகள் கடைப் பையன்களை விட்டு டிங்கியைப் பெரிய தராசில் ஏற்றவைத்தாள். அதற்குரிய இஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே வைக்கச் சொன்னாள். அப்போதே முந்நூறு தாண்டிவிட்டது. அதோடு விடுவாள் என்று பார்த்தால், பெட்ரோல் கேன், பேட்டரி, நங்கூரம், கயிறு, துடுப்பு என்று வீடு மாற்றுகிறவள் வண்டியில் சாமான் ஏற்றுவது மாதிரி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே இருந்தாள். முள் முந்நூற்று ஐம்பதுக்கு மேலே போய் நின்றது.

"இதத் தூக்கினா ஒண்ணு கிரேன் வளையும், இல்ல கயிறு அறுந்துடும். வாங்காதீங்க சார்," என்றாள்.

சுவரோரம் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டிங்கி சாய்ந்திருந்தது. ஸ்டியரிங் இல்லை, பின்னால் உட்கார்ந்து இஞ்சின் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். அதைக் காட்டி, கிரேன் தூக்கும், பலகையில் அடங்கும், ஆனால் வேகம் போகாது, அலை அடித்தால் நனைவீர்கள் என்றும் சொன்னாள். விற்கிற பொருளின் குறையையும் தானே சொல்லும் விற்பனைக்காரியை நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. பின்பலகை உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, கையைப் பிடித்து, இரண்டு படகிலும் இறங்கிப் பார்க்க வைத்தாள். சின்னதில் சிரமமில்லாமல் இறங்கி உட்கார்ந்த டாக்டரம்மா புருஷனைப் பார்த்தார்.

"இதுன்னா நான் வரேன். அதுன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று டாக்டர் விறுவிறுவென்று போய்விட்டார். நீ எந்தக் கடையில் வேலை பார்க்கிறாய் என்று முதலாளி மருமகளைக் கேட்டார். மறுநாள் காலை அவள் பின்கட்டில் பசை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். முன்மேசையில் முதலாளியே உட்கார்ந்தார்.

வீட்டில் நான் விடவில்லை. "ஆசையா ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு நின்ன மனுஷன்டி. வாய மூடிட்டு பில்லப் போட உனக்கென்ன?"

"கிழிஞ்சு வர்றதையெல்லாம் நான்தானே அத்தை ஒட்டறேன். எது எதனால கிழியுதுன்னு தெரியும். தெரிஞ்சுகிட்டே எப்படி விக்கறது?"

அதற்காக நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. பெரிய படகு பெரிய படகுதான்.

டாக்டருக்கும் ஆறவில்லை. பல் பிடுங்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லியிருக்கிறார். ஒரு கடையில் ஒருத்தி, வாங்க வந்தவனையே வாங்காதே என்கிறாள், உலகத்தில் உண்டா இப்படி என்று. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? கேட்டுக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் யாட் வைத்திருப்பவர்கள். ஒருவருடைய கிரேன் ஏற்கெனவே வளைந்திருந்தது. இருவரும் தனித்தனியாகக் கடைக்கு வந்து, முன்மேசையைத் தாண்டி நேரே பின்கட்டுக்குப் போய், வாங்காதீங்க என்று சொல்கிற அம்மா யார் என்று கேட்டார்கள். அவள் பசைக் கையோடு எழுந்து தரையில் கோடு போட்டாள். இருவரும் தங்கள் யாட்டுக்கு அடங்குகிற டிங்கியாக ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் டாக்டரே வந்தார். டாக்டரம்மா முன்னால், அவர் பின்னால். வேறு இரண்டு கடைகளுக்குப் போனாராம். ஸ்டியரிங் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, கிரேன் எவ்வளவு தூக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். சாம்பல் நிறச் சின்னதையே எடுத்துக்கொண்டார். போகும்போது மருமகளிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"துறையில பாக்கறவங்க யாராவது இங்க வந்து, ஏன் சின்னதுன்னு கேட்டா, பெருசு ஸ்டாக் இல்லன்னு சொல்லிடுங்கம்மா."

அப்படிச் சொல்ல மாட்டேன், யாரும் கேட்காவிட்டால் நானாகவும் சொல்ல மாட்டேன் என்றாள் இவள். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு முன்மேசையிலிருந்து எழுந்தார்.

அவள் முறைப்படி அங்கே உட்கார்ந்த முதல் நாள், டை கட்டிய ஒருவர் வந்து எல்லா டிங்கியையும் தட்டிப் பார்த்தார். யாட் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். இன்னும் வாங்கவில்லை, முதலில் டிங்கி, யாட் அப்புறம் என்றார் அவர்.

"பொத்தான வாங்கி வச்சிட்டு யாராவது சட்டை தேடுவாங்களா சார்? யாட்ட வாங்கிட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் முதலாளி வந்து, இன்றைக்கு என்ன போயிற்று என்று கேட்டார். ஒரு ஜோடி துடுப்பு என்றாள். அவர் கணக்கு நோட்டில் அதை எழுதிக்கொண்டார். பிறகு, நாளைக்குச் சீக்கிரம் வந்து கடையைத் திற என்று சாவியைக் கொடுத்துவிட்டு, பசை தடவ வேறு ஆள் கிடைக்குமா என்று விசாரிக்கப் போனார்.