இவோனெத்தி டீச்சரின் வானிலைச் சேவல்

சியரா மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில், ஒரு சின்ன ஊரில், இவோனெத்தி டீச்சரைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் வீட்டுச் சன்னலில் நிற்கும் வானிலைச் சேவலைத் தெரியாதவர் கிடையாது. கோபால்ட் உப்பு பூசிய உள்ளங்கையளவு பொம்மை அது. காற்று காய்ந்திருந்தால் நீலம், ஈரமானால் இளஞ்சிவப்பு. போன வருடம் வானொலி மழையே இல்லை என்று சொன்ன நாளில் சேவல் சிவந்தது, மழையும் கொட்டியது. அதிலிருந்து டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சேவலைத் தாமே முட்டையிட்டு அடைகாத்ததுபோலப் பேசுவார்.

இந்த வருடம் மார்ச் பாதி தாண்டியும் ஒரு பொட்டு மழை இல்லை. சூசையப்பர் திருநாளுக்குள் வராவிட்டால் அந்த வருடமே போச்சு என்பது அங்கத்து நம்பிக்கை. திருநாளுக்கு முந்தின நாள் காலையில் டீச்சர் முன்சன்னலைத் துடைக்க, சேவலை எடுத்துத் தெருவைப் பார்த்த சமையலறைச் சன்னலில் வைத்தார். அதற்குக் கீழே அடுப்பில் சோளமாவுக் கூஸ்கூஸ் புட்டுபோல ஆவியில் வெந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே கூச்சல். பக்கத்து நிலத்துக்காரர் எஸ்பெதிட்டோ, அவர் மனைவி அல்செனிர், இன்னும் நாலைந்து பேர்.

"டீச்சரம்மா! செவந்துடுச்சு! சும்மா கல்யாணப் பொண்ணு கன்னமாட்டம் செவந்துடுச்சு!"

டீச்சர் வெளியே வந்து பார்த்தார். பானையின் ஆவி சன்னல் சட்டம் முழுக்க முத்து முத்தாகப் படிந்திருந்தது. அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வெதச்சுடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் எஸ்பெதிட்டோ. அவரிடம் இருந்தது பதினோரு சோடா பாட்டில் சோள விதை. அப்பா காலத்திலிருந்து மாறாத விதை, வேறெங்கும் கிடைக்காது.

இது மழையில்லை, என் கூஸ்கூஸ் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரே சிரிக்கும். "சேவல் சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றார் டீச்சர். சொன்ன வாயை அங்கேயே தைத்திருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் அடுத்த காரியம் செய்தார். அடுப்பை அணைத்தால் ஆவி போகும், வெயில் ஈரத்தை உறிஞ்சும், பத்து மணிக்குள் சேவல் நீலத்துக்குத் திரும்பும். அதை யாரும் பார்க்கக்கூடாதென்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு பள்ளிக்குப் போய்ப் பதினோராம் வகுப்புக்கு வேதிச் சமநிலை நடத்தினார். "நீர் கூடினால் நீரை ஏற்றுக்கொள்ளும் பக்கம் சாயும். நீர் குறைந்தால் மறுபக்கம் திரும்பும். நிலைமையைச் சொல்லுங்கள், நிறத்தை நான் சொல்கிறேன்." கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். சன்னலுக்கு வெளியே, தூரத்தில், எஸ்பெதிட்டோ குனிந்து குனிந்து குழி போட்டுக்கொண்டிருந்தார்.

திருநாளன்று தூறல் விழுந்தது, விதை முளைக்கிற அளவுக்கு மட்டும். அப்புறம் இருபது நாள் வெயில். விரலளவு வந்த பயிர் நின்ற இடத்திலேயே கருகியது. எஸ்பெதிட்டோ வழியில் பார்த்தபோதெல்லாம், "ஆழமாப் போட்டிருக்கணும், என் தப்பு டீச்சரம்மா" என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் அவரைக் கண்டால் சந்துக்குள் நுழைய ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டீச்சர் எஸ்பெதிட்டோ வீட்டுக்கே போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னிக்கு சேவல் செவந்தது மழையால இல்ல. என் அடுப்பு ஆவியால. எனக்கு அப்பவே தெரியும்."

எஸ்பெதிட்டோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஆவி அடிச்சதை அன்னிக்கே அல்செனிர் பாத்தா" என்றார் அவர். "எங்காதுல சொன்னா. நான்தான் அவளை அதட்டினேன். பக்கத்துலயே டீச்சரம்மா நிக்கிறாங்க, தப்புன்னா சொல்லாமயா இருப்பாங்கன்னு."