நமுனுகுல லயத்தில் நெருப்பு கேட்ட அக்கா

பேய், முனி என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். பூகோளம் படித்தவன், மண்ணையும் மழையையும் தவிர வேறெதையும் நம்பியதில்லை. இப்போது மட்டும் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கிறதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை.

எழுபதுகளின் கடைசி. மலைநாட்டின் மண்ணும் மழையும் ஊர்களும் எப்படி மாறிவருகின்றன என்று பதுளையில் மூன்று நாள் ஆய்வு மாநாடு. நான் அப்போது தற்காலிக விரிவுரையாளன். நமுனுகுல பக்கம் கைவிடப்பட்ட ஒரு தேயிலை மலையைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். நேரில் போகாமல் பழைய பதிவுகளை வைத்து எழுதியது. அங்கே இப்போது ஆட்கள் யாரும் இல்லை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டுப் பைன் மரம் நடலாம் என்பதுதான் கட்டுரையின் முடிவு. நான் பிறந்து வளர்ந்ததும் அதே மலையில்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் ஆளில்லை. தோட்டத்துச் சனம் இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது, என் ஒரே அக்காளும் அவர்களோடு போய்விட்டாள். மாநாட்டில் தேநீர் வேளையில் எல்லோரும் கூடிக்கூடி நின்று பேசுவார்கள், நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். சே, என்ன பிழைப்பு இது என்றிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் எங்களை வேனில் அந்த மலைக்கே கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் மண்ணரிப்பைப் பார்க்க ஓடைப் பக்கம் இறங்க, நான் மட்டும் லயத்துக்கு ஏறினேன். மூடுபனி என்றால் அப்படியொரு மூடுபனி, நீட்டிய கை தெரியவில்லை. நாங்கள் குடியிருந்த ஒற்றையறை வீட்டின், எங்கள் காம்பராவின், தேய்ந்த வாசற்படியைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். உள்ளே நுழைவதற்குள் மழை கொட்டி என்னை முழுதாக நனைத்துவிட்டது.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாது. நெருப்போ உப்போ வேண்டுமென்றால் அந்தச் சுவரைத் தட்டுவார்கள். யார் எவர் என்று கேட்காமல் எடுத்து மேலாக நீட்டிவிட வேண்டும். கேட்டால் மரியாதைக் குறைச்சல்.

சுவர் தட்டப்பட்டது.

“தம்பி, நெருப்புப்பெட்டி இருக்கா? அடுப்பு அணைஞ்சு போச்சு.”

நம்பினால் நம்புங்கள், எனக்கு ஒன்றுமே வித்தியாசமாகத் தோன்றவில்லை. பழக்கதோஷம். பையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்துச் சுவருக்கு மேலாக நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது.

“நீ மட்டுமா இருக்க?”

“ஆமாக்கா.”

“அப்படிச் சொல்லாத தம்பி. நாங்கல்லாம் இங்கதான இருக்கோம்.”

என் அக்காளின் குரல் இல்லை அது. யாருடையது என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் எங்கள் மலைப் பேச்சு. ஏதோ ஒரு குடும்பம் கப்பலேறாமல் தங்கிவிட்டது, மழை விட்டதும் போய்ப் பார்க்கலாம் என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டது. வேன் ஓட்டிவந்த பதுளைக்காரர் மஜீத் நானா என்னைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“யாரோட சேர் கதைச்சிட்டிருந்தீங்க?”

“பக்கத்து வீட்டு அக்காவோட.”

“எந்தப் பக்கத்து வீடு? வெளிய வந்து பாருங்க சேர்.”

பனி விலகியிருந்தது. எங்கள் காம்பராவோடு லயம் முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் இருந்த வீடுகளையெல்லாம் மண்சரிவு எப்போதோ கொண்டுபோய்விட்டது. அந்தச் சுவரின் அடியிலிருந்தே மலை செங்குத்தாக அறுபட்டு, கீழே ஓடை வரைக்கும் சிவப்பு மண். காக்கை உட்காரக்கூட இடமில்லை. மஜீத் நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வேனுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

மறுநாள் மேடையில் கட்டுரையை வாசித்துக்கொண்டே போனவனுக்கு, ‘ஆட்கள் யாரும் இல்லை’ என்ற இடத்தில் வாய் வரவில்லை. தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அங்கே ஆட்கள் இருக்கிறார்களா இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். முந்தின நாள் என்னோடு வேனில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் வேலையும் நிரந்தரமாகவில்லை, பைன் மரமும் நட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்றால் அது பொய்.

நெருப்புப்பெட்டி கைதவறிச் சரிவில் விழுந்திருக்கும் என்றார் மஜீத் நானா. இருக்கலாம். குரலுக்கும் மழை, காற்று என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வாங்கும்போது அந்த விரல்கள் என் விரல்மேல் பட்டன. நனைந்து என் கைதான் விறைத்திருந்தது. அந்த விரல்கள் அடுப்படியில் வேலை செய்கிறவளின் விரல்போலச் சூடாக இருந்தன. அந்த மூன்று நாளில், அத்தனை பேர் நடுவே, என்னை ஒருவர் தொட்டது அந்த ஒரு தடவைதான். பயமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இப்போதும் மழை பெய்தால் நான் என் அறையில் சுவரோரமாகத்தான் போய் உட்காருகிறேன். இதுவரை யாரும் தட்டவில்லை.