பிரிக்கக் கூடாத பிரா

எங்கள் மலையூரான அட்பாஷியில் தெருக் கடைசி வீடு புருலுடையது. நாற்பத்தெட்டு வயது, அகலமான உடம்பு, அதைவிட அகலமான சிரிப்பு. கம்பளி விரிப்புக்கு ஆட்டுக்கொம்பு, பூ என்று உருக்கள் வெட்டுவதில் அவளுக்கு இணையாக எங்கள் பக்கம் ஆள் கிடையாது. குதிரை மேலும் நன்றாக உட்காருவாள். ஆனால் விரிப்பு வேண்டுமென்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. குதிரை ஓட்டு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கோடையில் மந்தையோடு மலை மேய்ச்சலுக்குப் போனால் பால் கறப்பாள், வெண்ணெய் எடுப்பாள், பானையடியில் சாணி எரிப்பாள். மந்தைக்குப் பின்னால் போவது கணவன் எசென்.

இந்த வருடம் மார்ச் மாதப் பனிக்கட்டியில் எசென் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். கோடை முழுக்கச் சேணத்தில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

“சித்தப்பா மகனை வரச் சொல்றேன்,” என்றான் எசென்.

“எதுக்கு? நான் இருக்கேன்ல.”

“போன வருஷம் நீ போன லட்சணத்தத்தான் பாத்தேனே.”

அவன் சொன்னது உண்மை. போன கோடையில், மழை கொட்டிய ஒரு நாளில் எசெனுக்குக் காய்ச்சல். புருல் குதிரையேறிப் போனாள். நடக்கிறவரை ஒன்றுமில்லை. குதிரை துள்ளுநடைக்கு மாறியதும் அவளுடைய மார்பும் துள்ள ஆரம்பித்தது, குதிரையோடு ஒத்துப்போகாமல், தன் தாளத்துக்கு. ஒரு கையில் லகானைப் பிடித்தாள். இன்னொரு கையால் தன்னைப் பிடித்துக்கொண்டாள். சாட்டைக்குக் கை இல்லை. குதிரைக்கு அது புரிய எவ்வளவு நேரமாகும்? ஆற்றங்கரையில் நின்று நிதானமாகப் புல் மேய்ந்தது. மந்தை அக்கரைக்குப் போய்விட்டது.

அன்றைக்கு அவளுடைய நல்ல பிரா கயிற்றில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த பிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் அவர்கள் கூடாரத்தில் தங்கிப்போன ஒரு வெளிநாட்டு நடைப்பயணி கயிற்றில் மறந்துவிட்டுப் போனது. புருலைப் போலவே பெரிய பெண்மணி. கேட்டு வந்தால் கொடுக்க வேண்டுமென்று புருல் ஒரு வருடம் பெட்டியில் வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஒருநாள் போட்டுப் பார்த்தாள். அதுவரை தன் முதுகு ஏன் வலித்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சந்தையில் அந்த அளவில் அப்படியொன்று தேடினாள். கிடைத்ததெல்லாம் லேஸ் பூப்போட்ட சல்லடைகள்.

“இதே மாதிரி இன்னொண்ணு தைக்கறேன். ஒண்ணு உடம்புல, ஒண்ணு கயித்துல. ரெண்டு இருந்தா உங்க சித்தப்பா மகன் எதுக்கு?” என்றாள் எசெனிடம்.

எசென் யோசித்தான். மலையேறுவதற்கு முன்னால் பாலம் வரைக்கும் துள்ளுநடையில் போய்த் திரும்பி வர வேண்டும். போட்டிருப்பது புதிதாகத் தைத்ததாக இருக்க வேண்டும். சாட்டை கையில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் சித்தப்பா மகன் வருவான். அதுதான் பேச்சு.

புருல் நேராக ஓரகத்தி ஜிபெக்கைக் கூட்டி வந்தாள். எசெனின் தம்பி மனைவி. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. ஒல்லி. வாய் மட்டும் ஒல்லி இல்லை.

ஜிபெக் பிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பிரிச்சிடலாம்க்கா. துண்டு துண்டா எடுத்து வச்சு வரைஞ்சா அச்சு அசலா வரும்.”

“பிரிக்கறதா? உன் கையப் பிரிச்சிடுவேன். இத விட்டா எனக்கு வேற ஏதுடி?”

“அப்ப இந்த மேட்ட எப்படிக்கா தாள்ல வரையறது? தாள் தட்டையால்ல இருக்கு.”

முதலில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் போட்டுப் பார்த்தார்கள். டீக் கிண்ணம் காணாமல் போய்விட்டது. சூப்புக் கிண்ணம் கொஞ்சம் மரியாதையாக நின்றது. அதன் மேல் தாளைச் சுற்றினால் தாள் கசங்கியது. அப்போதுதான் புருல் கவனித்தாள். பிராவின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. மொத்தமாகத்தான் அது மேடு. ஒரு துண்டை மட்டும் தனியாக அழுத்தினால் தட்டையாகப் படிந்தது.

“விரிப்பு மாதிரிதான்டி இது. ஒவ்வொரு துண்டாப் போகணும்.”

தடித்த கம்பளியை மடித்துப் போட்டு, அதன் மேல் மிச்சமிருந்த சுவர்த்தாளை விரித்து, ஒரு துண்டை மட்டும் குண்டூசிகளால் அழுத்தி நிறுத்தினாள். தையல் ஓடுகிற வழியெல்லாம் ஊசியால் குத்திக்கொண்டே போனாள். பிராவை எடுத்தபின் தாளில் எறும்பு வரிசை போலப் புள்ளிகள். புள்ளிகளைச் சேர்த்தாள். அடுத்த துண்டு. அதற்கடுத்தது. முதுகுப் பட்டியை இழுக்காமல் படுக்கவைத்துக் குத்தினாள்.

பிறகு ஜிபெக் அவள் மார்புக்குக் கீழே நாடாவைச் சுற்றினாள், பட்டியின் அளவு சரிதானா என்று பார்க்க.

“மூச்ச விடுக்கா.”

“விட்டுட்டேனே.”

“எங்க விட்ட? சேணம் கட்டும்போது குதிரை வயித்த உப்பிக்குமே, அப்படி நிக்கற. அப்புறம் பாதி வழியில கழண்டு தொங்கும். விடு!”

புருல் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வெளியே போனது. ஜிபெக் நாடாவை இறுக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எசென் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கணவனின் அண்ணன் என்ற மரியாதைக்கு ஜிபெக் தலைத்துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். புருல் பிராவின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வெட்டிய தாள்கள் மட்டும் தரையில் கிடந்தன. எசென் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“இது என்ன, புது மாதிரி ஆட்டுக்கொம்பா?”

புருல் தலையாட்டினாள்.

“நல்லா இருக்கே. வளைவு நல்லா வந்திருக்கு. விருந்தாளி உக்கார்ற எடத்துக்கு இதையே போடேன்.”

சுவர்ப் பக்கமிருந்து ஒரு விக்கல் கேட்டது. எசென் போனபிறகு ஜிபெக் தரையில் படுத்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டறையில் மிஞ்சிய கெட்டித் துணியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். “சாயங்காலம் வந்து வெட்டித் தரேன். நீ கைய வைக்காத.”

புருலால் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. துணியை இரண்டாக மடித்தாள், தாளை வைத்தாள், விரிப்பு வெட்டும் கத்தியை எடுத்துக் கோட்டின் மேலேயே ஓட்டினாள். முப்பது வருடம் பழகிய கை. இரண்டு மடிப்பும் ஒரே வெட்டில் வந்தன. கையாலேயே தைத்தும் முடித்தாள்.

ஜிபெக் வந்தபோது புருல் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். பாதிதான் உள்ளே போயிருந்தது. மீதி வெளியே நின்று வேடிக்கை பார்த்தது.

“நான் வளர்ந்துட்டேனா?” என்றாள் புருல்.

“தையலுக்கு எவ்வளவு விட்ட?”

“எதுக்கு விடணும்?”

ஜிபெக் தலையில் அடித்துக்கொண்டாள். கம்பளியில் விளிம்போடு விளிம்பு வைத்து மேலே கயிறு ஓட்டித் தைப்பார்கள். ஓர் இழை வீணாக்கினாலும் அது கெட்ட வேலை. துணி அப்படியில்லை, தையல் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் கொஞ்சம் தின்னும். இத்தனை தையலும் தின்று தீர்த்தபின் புருலுக்கு மிச்சம் வைத்தது அவ்வளவுதான்.

“கழட்டு, நான் பாக்கறேன்,” என்று ஜிபெக் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கைகளைத் தூக்கினாள். குதித்தாள். அவளுக்கே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

“கழட்டுடி. பிரிச்சுத் திரும்பத் தைக்கலாம்.”

“மாட்டேன்.”

“என் துணி.”

“என் பட்டறைத் துணி. ஆள வெட்டினாலும் கழட்ட மாட்டேன்க்கா.”

துணி தீர்ந்துவிட்டது. மலையேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல கெட்டியான வெள்ளைத் துணி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புருல் கணவனிடம் போனாள்.

“உங்க கல்யாணச் சட்டை வேணும்.”

“எதுக்கு?”

“சவாரிக்கு.”

“குதிரைக்குப் போடப் போறியா?”

“குதிரை மேல இருக்கறவளுக்கு.”

எசென் கொஞ்ச நேரம் தன் வயிற்றைப் பார்த்தான். அந்தச் சட்டையின் பொத்தான் கடைசியாக எப்போது மாட்டியது என்று அவனுக்கே நினைவில்லை. பெட்டிச் சாவியைக் கொடுத்தான்.

இந்த முறை ஜிபெக் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே ஒரு விரல் நகத்தளவு விட வைத்தாள். புருல் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். “இவ்வளவு துணி வீணாப்போகுதே!” தோள்பட்டிக்குத் துணி போதவில்லை. கூடாரத்தின் கழிகளை இழுத்துக் கட்டும் நெய்த நாடாவில் ஒரு முழம் வெட்டினாள். காற்றடிக்கும்போது வீட்டையே பிடித்து நிறுத்துகிற நாடா அது.

கடைசித் தையலை மிஷினில் ஓட்டியதும் புருல் கண்ணாடியில் பார்க்கக்கூட இல்லை. போட்டுக்கொண்டு நேராகக் குதிரைக்குப் போனாள். தெருவில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். என்ன பந்தயம் என்று ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் யாரும் சொல்லவில்லை. எசென் ஊன்றுகோலோடு வாசலில் நின்றான்.

குதிரை முதலில் நடந்தது. பின் துள்ளுநடை. தலைத்துணி ஆடியது, குதிரையின் வால் ஆடியது, சேணத்தில் கட்டிய பை ஆடியது. புருல் ஆடவில்லை. பாலத்தடியில் குதிரை வழக்கம்போலப் புல்லுக்குக் குனிந்தது. புருல் வலது கையை உயர்த்தினாள். கையில் சாட்டை இருந்தது. அடிக்கவில்லை. குதிரை நிமிர்ந்து திரும்பிவிட்டது.

“சித்தப்பா மகனுக்கு ஃபோன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு,” என்றான் எசென் புருலிடம். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜிபெக் பக்கம் பார்க்காமலே கேட்டான்: “ஏம்மா, அந்த ஆட்டுக்கொம்பு விரிப்பு எப்ப முடியும்?”