மூலை சிவந்த கடதாசி

செல்வநாயகியின்ரை கதையைத் தொடங்கினால் எனக்கு முதல் அவளின்ரை தமையன் கனகசபாபதியிலைதான் கோவம் வரும். கோப்பாயிலை எங்கடை பக்கத்து வளவுக்காரி அவள். புருசன் செத்துப்போனான், பிள்ளையும் இல்லை. பழுக்கக் காய்ச்சின சைக்கிள் கம்பியாலை கடதாசியிலை படம் சுடுவாள். கரண்ட் இல்லாத காலம், கம்பி காய்ச்சக் கரிச்சட்டிதான்.

கடதாசி தெரியிறதிலை அவளை வெல்ல ஏலாது. மினுங்கிற கடதாசி புகைஞ்சு நாறும், கொப்பித்தாள் ஓட்டை விழும் எண்டு தள்ளிப் போடுவாள். தடிப்பான பழங்கடதாசிதான் வேணும். மூலையிலை கொஞ்சம் சுட்டுப் பாத்து, சுண்ணாம்புத் தெளிவிலை நனைச்சு, நிழலிலை உலத்தி, சோகிச் சிப்பியாலை தேய்ச்சு வழவழப்பாக்குவாள். சுண்ணாம்பு பட்டால் கனகாலம் உக்காதாம்.

தொண்ணூற்றிமூண்டிலை தமையன்ரை மகள் கமலாவதிக்குக் கலியாணம் சரிவந்துது. மருமகளெண்டால் செல்வநாயகிக்கு உயிர். படமொண்டு சுட்டுக் குடுக்க ஆசைப்பட்டாள். கடதாசிக்கு எங்கை போறது? தமையனே நாலு தடிச்ச துண்டு கொண்டுவந்து குடுத்தார், பழைய பெட்டிக்குள்ளை கிடந்த வெறுங்கடதாசியெண்டு. என்னட்டை ஓடிவந்து காட்டிச் சிரிச்சாள், பாவம்.

நான் பாத்துக்கொண்டு நிக்கத்தான் சுண்ணாம்புத் தண்ணியிலை போட்டாள். ரண்டு துண்டின்ரை மூலை சிவந்துது. பழுத்த கடதாசியிலை கண்ணுக்குத் தெரியாமல் மங்கிக் கிடந்த மஞ்சள், சுண்ணாம்பு பட்டதும் சிவந்திட்டுது. அந்த வீட்டிலை மஞ்சள் பூசினது ஒரேயொரு உறுதிக்குத்தான். செல்வநாயகியின்ரை கலியாணத்தண்டு, அவள் இருக்கிற வளவைத் தாய் எழுதிக் குடுத்த சீதன உறுதி. எண்பத்தேழிலை இந்தியன் ஆமிக்குப் பயந்து ஓடேக்கை தமையனை நம்பி அதைக் குடுத்தாள்; ஓட்டத்திலை துலைஞ்சு போச்செண்டவர். எழுதின நொத்தாரிசும் செத்து, பிரதி இருந்த அவரின்ரை வீடும் செல் விழுந்து எரிஞ்சு போச்சு. எழுத்தையெல்லாம் வெட்டி எடுத்துப்போட்டு, மிச்சத்தை அவளின்ரை கையிலையே குடுத்திருக்கிறான். மனுசனோ உவன்?

ஈரக் கடதாசியோடை அவள் தமையன் வீட்டை போனாள். நானும் பின்னாலை போனன். அவர் மறுக்கேல்லை. மாப்பிள்ளை பகுதி காணி கேக்குதாம், உறுதியில்லாத வளவு தாயின்ரை காணிதானெண்டு சொல்லி அவளின்ரை வளவைத்தான் மகளுக்கு எழுதப் போறாராம், தனிச்ச பொம்பிளைக்கு ஒரு அறை காணுமாம். விளக்குமாறு கிட்டக் கிடந்திருந்தால் எடுத்திருப்பன். அவள் ஆறுதலாத்தான் கதைச்சாள்.

"எனக்குப் பிறகு அவளுக்கெண்டுதானே வைச்சிருந்தனான். ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே, அண்ணை."

செல்வநாயகி கலியாணத்துக்குப் போகேல்லை, ஏனெண்டு மருமகளுக்குச் சொல்லவுமில்லை. மாமிக்குத் தன்னிலை எரிச்சலெண்டுதான் அந்தப் பெட்டை இண்டைக்கும் நினைக்கிறாள்.